நான் படித்துச் சொன்ன இன்ஜின் நம்பர்

என் மாமா மாதிரி விடியற்காலையில் எழுந்து வேலை செய்கிற ஆள் எங்கள் சொந்தத்திலேயே கிடையாது என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள். எனக்குத் தெரிந்து அவர் விடியும் முன் எழுந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று நானும் கூட இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. சித்தூரில் அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. குவைத்துக்கு விசா வந்துவிட்டதால் அதை விற்றாக வேண்டும். என் அப்பாவுக்கோ ஒரு கார் வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நகரிப் பக்கம் எங்கள் ஊரில் பிறத்தியாருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பதியில் புதிது புதிதாக ஓட்டல்கள் எழும்பி, ரயிலை விட்டு இறங்குகிற ஜனமெல்லாம் காரைத் தேட ஆரம்பித்திருந்த காலம் அது. சொந்தமாக ஒரு டாக்ஸி இருந்தால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று நைனா நினைத்தார். அதற்காக எங்கள் அரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை போடுகிற நிலத்தை, விலை பேசி வைத்தார். எங்கள் வம்சத்தில் நிலம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

நைனா ஏமாளி இல்லை. ரேணிகுண்டாவில் ஒரு மெக்கானிக்கிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். பழைய கார் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டுமாம். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின் காலைக் குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த இன்ஜின் என்றால் சூட்டில் ஓடும், குளிரில் மக்கர் பண்ணும். அடுத்து, இன்ஜினில் இருக்கும் நம்பரும் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வேறாக இருந்தால் யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதோடு சரி. "எம் பொண்ணு கீறா, அவ படிச்சிச் சொல்லுவா," என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்தாராம். நான் அப்போது நாலாம் வகுப்பு.

சங்கராந்தி லீவுக்கு அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். நைனா முதல் பஸ்ஸில் வந்து காரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று இருட்டிலேயே மாமா எழுந்துவிட்டார். அம்மா அண்டாவில் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தாள். ரேடியேட்டரில் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு மாமா வெந்நீரை ஊற்றினார். சோக்கை இழுத்து வைத்து, முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி, அந்தக் குளிரிலும் வேர்க்க வேர்க்கச் சுற்றினார். கார் இருமியது, கனைத்தது, தெருவெல்லாம் புகையைக் கக்கியது. கடைசியில் மனமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு சூடு தெரியாமலிருக்க பானெட் மேல் ஈரக் கோணியைப் போர்த்தினார். ஜுரக்காரனுக்குத் துணி போடுவதுபோல் காருக்குப் போடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்குக் கோணியை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்தார்.

"நைனாகிட்ட சொல்லிடாத," என்றாள் அம்மா. "மாமா குவைத்துலேர்ந்து உனுக்கு வாச்சு வாங்கியாருவான்."

நைனா வந்ததும் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரே இழுப்பில் கார் ஓட ஆரம்பித்தது. நைனா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பாத்தியா பாவா! கம்பெனி இன்ஜினு. யாரும் கையே வெக்கல," என்றார் மாமா.

"அதியும் பாத்துட்லாம்." நைனா பானெட்டைத் திறந்து, இன்ஜின் பக்கவாட்டில் இருந்த சின்னத் தகட்டைத் துணியால் துடைத்தார். "வாம்மா, இன்னா போட்டுக்கீது, படி."

முதலில் ஆர்.சி. புத்தகத்து நம்பரைப் படித்தேன். நைனா அதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு தகட்டுக்குக் குனிந்தேன். முதல் இரண்டு எழுத்து மட்டும்தான் ஒன்றாக இருந்தது, மீதியெல்லாம் வேறு. நிமிர்ந்தேன். நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணி மாதிரி இதுவும் ஒரு ரகசியம்போல என்று எனக்குப் பட்டது. கண்ணைத் தகட்டில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்த நம்பரையே தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

"டீச்சரம்மா கணக்கா படிக்கிறா பாரு," என்று நைனா என் தலையைத் தடவினார்.

கொல்லை கைமாறியது. மாமா விமானம் ஏறினார். அடுத்த மாதம் காரை டாக்ஸியாகப் பதிய நைனா சித்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் தகட்டின் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காகிதத்தில் எழும்பிய நம்பரைத் தெலுங்கில் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். கண்ணுக்குத் தெரியாத எழுத்து நைனாவின் காதுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது எழுத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"இதி வேரே இன்ஜின் கதா! பில்லு எக்கட?" என்றார் இன்ஸ்பெக்டர். மாற்றிய இன்ஜினுக்கு ரசீது எங்கே என்று மாமாவுக்குத்தான் தெரியும். பின்னால் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. திருட்டு இன்ஜினாகவும் இருக்கலாம் என்று சொல்லி, அன்றே காரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. வீட்டில் அம்மா, "இன்னா தெரியும் அதுக்கு? கொயந்த, தப்பாப் படிச்சிருக்கும்," என்றாள். என் அம்மாவை நான் எத்தனையோ விஷயத்துக்கு மன்னித்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் முடியவில்லை. நைனா அதையும் கேட்டுக்கொண்டு, சோறு தின்னாமல் படுத்துவிட்டார்.

நிலமும் போயிற்று, காரும் போயிற்று. டிராக்டருக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வெயில் காலம் முடிவதற்குள் நைனாவும் குவைத்துக்கே போவது என்று ஆனது. கார் ஓட்ட இல்லை, ஆடு மேய்க்க. புறப்படும் அன்று ஏஜெண்டின் ஆள் வேலைக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். இங்கிலீஷில் நெருக்கி நெருக்கி அச்சடித்த இரண்டு தாள். நைனா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"குடு நைனா, நான் படிச்சிச் சொல்றேன்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாணாம் கண்ணு. போற வயில யாரையாச்சும் கேட்டுக்கறேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன்.