நேற்று நிறுத்திய இடம்

கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்வதென்றாலே அனீஸாவுக்கு எரிச்சல் வரும். பேரையும் தெருவையும் சொல்லி முடிப்பதற்குள், "சரிங்க பாய், நாளைக்கு வந்துடும்" என்று அந்தப் பக்கத்துப் பெண் வைத்துவிடுவாள். மளிகைக் கடையில் பாய், கரண்ட் ஆபீஸில் பாய், பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டோக்கன் கேட்டாலும் பாய். முதலில் திருத்திப் பார்த்தாள். அப்புறம், பாய் என்று நினைத்தால் சிலிண்டராவது சொன்ன நாளில் வருகிறதே என்று விட்டுவிட்டாள். அப்படி ஒரு கட்டைக்குரல் அவளுக்கு.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆண்டு விழாப் பாட்டுக்கு வகுப்பு மொத்தத்தையும் மேடையில் ஏற்றிய டீச்சர், ஒத்திகையில் காதைத் தீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். அனீஸாவிடம் வந்ததும் நின்றார். "நீ வாய மட்டும் அசை. சத்தம் வேணாம்" என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. அனீஸா விழாவில் வாயை மட்டும் அசைத்தாள். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் பாடவில்லை. கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து பாடும்போது, அவள் எழுந்து போய் பாயசக் கிண்ணங்களைக் கழுவுவாள். அவளுக்குப் பாட்டு பிடிக்காது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஊருக்கு முடிவு கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அந்தக் கடற்கரை ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு நகை குறைந்தாலும் பரவாயில்லை, வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அனீஸாவின் வாப்பா மீரா உசேனும் தெருக்கோடியில் மகளுக்கு ஒரு வீடு கட்டினார். ஆறு பேர் புழங்கும் வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல், வயலுக்கு அப்பால் தென்னந்தோப்பு. காவிரித் தண்ணீர் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். பிள்ளை பிறக்கவில்லை. வீட்டோடு வந்த மாப்பிள்ளை ஃபாஜில் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் வருவான், ஊர் வெயில் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவான். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் அனீஸாவும் அவள் போடும் மின்விசிறியும்தான்.

ஃபாஜில் தங்கமான ஆள். குடிக்க மாட்டான், கோபிக்க மாட்டான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தவறாமல் வீடியோ காலில் வருவான். பிரியாணியை மென்றுகொண்டே, "சாப்டியா? தண்ணி வருதா? மோட்டார் ஓடுதா?" என்பான். அவளும் சாப்பிட்டதையும் தண்ணீரையும் மோட்டாரையும் பற்றிச் சொல்வாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு தெரியாது. போனை வைத்த பிறகும் அனீஸா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன குறை என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

போன தடவை வந்தபோது அவன் ஒரு பெரிய டிவியை மாட்டி, தன்னுடைய கணக்கையே அதில் போட்டுக் கொடுத்தான். "போரடிச்சா ஏதாவது பாரு" என்றான். அவன் போன பிறகு ஒரு மத்தியானம் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தியதில் அந்தத் தொடர் வந்து மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடம். ஒருவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் சிலர். ஒருவனுக்குத் திக்குவாய். ஒருவனின் அம்மா அதே பள்ளியில் சமையல்காரி, அதனால் அவன் மேல் எப்போதும் எண்ணெய் வாசனை என்று கேலி. இவர்களை ஒரு வாத்தியார் பிடித்து, நாற்றமடிக்கும் பழைய ஷூக்கள் அடைந்த ஓர் அறையில் வைத்துப் பாட்டுக் குழு நடத்துகிறார். போட்டிக்குப் போகிறார்கள், தோற்கிறார்கள். ஒரு தடவை தேதியைத் தப்பாகப் பார்த்து, மறுநாள் போய்க் காலி மண்டபத்தில் பாடிவிட்டு வருகிறார்கள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் வேறு, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சென்னை ஆட்டோ ஸ்டாண்டில் வளர்ந்தவர்கள் மாதிரிப் பேச வைத்திருந்தார்கள். அனீஸா தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் பாட்டு வரும்போது மட்டும் தமிழ் நின்றுவிடும். அவர்கள் குரலிலேயே, அவர்கள் பாஷையிலேயே பாடுவார்கள். அப்போது அவள் சிரிப்பும் நின்றுவிடும்.

அந்தக் குழுவில் மேவிஸ் என்று ஒரு பெண். நெட்டை, கூன் போட்டு நடப்பாள். குரல் கட்டை. பெண்கள் வரிசையில் நிறுத்தினால் சுருதி கெடுகிறது என்று எல்லோரும் முனகுகிறார்கள். வாத்தியார் யோசித்து, அவளைப் பையன்கள் வரிசையில் கடைசியில் நிறுத்துகிறார். அங்கிருந்து அவள் பாடியதும்தான் பாட்டுக்கே அடித்தளம் கிடைக்கிறது. அனீஸா ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இப்படி ஒரு வரிசை இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நல்ல வேளை, பக்கத்து வீட்டு லத்தீஃபா லாத்தா அன்று வரவில்லை. வந்திருந்தால், வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து அழுகிற கதை சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கப் பரவியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் டிவியைப் போட்டபோது கதை அவள் விட்ட இடத்தில் இல்லை. மூன்று பாகம் தள்ளிப் போய் நின்றது. கரண்ட் கோளாறு என்று நினைத்து, பின்னால் போய் விட்டதைப் பார்த்தாள். அன்று ஸ்விட்சையே அணைத்துவிட்டு வந்தாள். காலையில் பார்த்தால் மறுபடியும் நகர்ந்திருந்தது, ஆனால் இந்தத் தடவை ஒரே ஒரு பாகம்.

அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கணக்கு ஃபாஜிலுடையது. அதில் இருப்பது அவன் பேர் ஒன்றுதான். அங்கே அவன் பார்த்தால் இங்கே நகரும், இங்கே அவள் பார்த்தால் அங்கே நகரும். மச்சானும் பார்க்கிறார். வேலை முடிந்து வந்து, இதே பிள்ளைகளை, இதே பாட்டை அவரும் பார்க்கிறார்.

அன்று அனீஸா நெய்ச்சோறு ஆக்கித் தனியாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் வழக்கம்போல மோட்டாரைப் பற்றிக் கேட்டான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். வாய் திறந்து கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார் என்று பயம். கேட்காமலே ஒரு பழக்கம் ஏற்பட்டுப் போயிற்று. மத்தியானம் அவள் ஒரு பாகம் பார்ப்பாள். அடுத்த நாள் காலைக்குள் அந்தப் பக்கம் அதே பாகம், அவள் பார்க்காமல் விடும் கடைசிப் பெயர் வரிசை வரைக்கும், பார்க்கப்பட்டிருக்கும். அவளுக்கு உடம்பு முடியாமல் படுத்துக்கொண்டபோது அந்தப் பக்கமும் நகராமல் காத்திருந்தது. ஒரு நாள் மேவிஸ் தனியாகப் பாடும் பாட்டை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பாட்டின் நடுவிலேயே அணைத்துவிட்டாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கதை சரியாக அந்தப் பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்காகவே வைத்தது போல.

அத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளுக்கு எத்தனையோ வாங்கி வந்திருக்கிறான். சென்ட், கம்பளி, பாதாம். அவற்றையெல்லாம் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியுமா?

அவள் அந்தப் பாட்டைப் பாடிவிடுவது என்று முடிவு செய்தாள், அதுவும் அவனுக்கு முன்னால். கடைசிப் பாகம் முடிந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை, போனில் பாட வேண்டும். வார்த்தைகள் முழுக்கப் புரியவில்லை. புரிந்த வரைக்கும், என்னைக் கடைசியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, சேர்த்து நிறுத்துங்கள் என்பது போல இருந்தது. பாடிப் பழக வேண்டுமே, இந்தக் குரல் தெருவுக்குக் கேட்டால் என்ன ஆவது? அதற்கும் வழி கிடைத்தது. அது சம்பா அறுவடைக் காலம். கொல்லைக்குப் பின்னால் வயலில் அறுப்பு மெஷின் இறங்கினால் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மெஷின் சத்தம் தொடங்கியதும் அனீஸா கொல்லைக் கதவின் மேல் கை வைத்து நின்று பாடுவாள். மெஷின் வரப்பில் திரும்பும்போது நிறுத்திக்கொள்வாள். முதல் நாள் கத்தல்தான் வந்தது. போகப் போக அவள் குரல் அவளுக்கே அடங்கி வந்தது. மெஷின் அடுத்த ஊருக்குப் போன அன்று, சத்தமில்லாத வயலைப் பார்த்து ஒரு தடவை மெதுவாகப் பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, மிகவும் நன்றாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதுத் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, போனைக் குவளையில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஃபாஜில் தட்டோடு வந்தான்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன் மச்சான். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. மோட்டார் ஓடலையா?"

"அதில்ல. நாம பாத்தோம்ல, அந்த ஸ்கூல் பிள்ளைங்க கதை. நேத்தோட முடிஞ்சிருச்சு."

"எந்த ஸ்கூலு?"

"டிவில மச்சான். பாட்டுப் பாடுற பிள்ளைங்க."

ஃபாஜில் மெல்லுவதை நிறுத்தி யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. "அட, அதுவா. அது நம்ம வீரையன் பாக்குறது. ரூம்ல இருக்கான்னு சொன்னேன்ல, கீழ்வேளூர் பக்கம். ராத்திரி டூட்டி, யாரோடயும் ஒட்ட மாட்டான். பாவமேன்னு என் பழைய போனைக் குடுத்தேன், அதுல பாக்குறான். நான் எங்க பாக்குறது, படுத்தா கட்டைதான்."

அனீஸா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அவன்கூட ஒரு நாள் கேட்டான், 'அண்ணே, ஊர்ல அண்ணி பாக்குறாங்களா, விட்ட எடத்துலேருந்து நகந்து நகந்து இருக்கு'ன்னு. சேச்சே, அவளுக்குப் பாட்டுன்னாலே ஆகாதுடா, நெட்டுக் கோளாறா இருக்கும்னு சொல்லிட்டேன்." சிரித்தான். பிறகு, "நீயா பாத்தே?" என்றான்.

"எப்பவாவது."

"அப்படியா. நல்லதுதான். என்னமோ சொல்லணும்னியே?"

"இதான் மச்சான். முடிஞ்சிருச்சுன்னு சொல்ல வந்தேன்."

போனை வைத்த பிறகு அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். முகம் தெரியாத ஓர் ஆம்பளையோடு இத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து கதை பார்த்திருக்கிறாள். யா அல்லாஹ், லத்தீஃபா லாத்தாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வெட்கம் போன பிறகு வந்ததுதான் தாங்கவில்லை. பாட்டுன்னாலே ஆகாது. கட்டிக்கொண்டவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு? அவள் எப்போது சொன்னாள்? அந்த வீரையன் மட்டும் நெட்டுக் கோளாறு என்று கேட்டுக்கொண்டு போய்விடவில்லை. அதற்குப் பிறகும் ஒரு பாகத்தோடு நிறுத்தியிருக்கிறான். நெட்டுக் கோளாறுக்காக யாராவது பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைப்பார்களா? அவனுக்கும் யாரோ ஒருவர் வேண்டியிருந்திருக்கிறது. அது யார் என்று அவன் இனிக் கேட்கப் போவதில்லை, அவளும் சொல்லப் போவதில்லை. அனீஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் யாருமில்லை, இருந்தாலும் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபாஜில் சந்தோஷமாக வந்தான். ஒரு வாரமாக யோசித்திருப்பான் போலும். மனைவிக்கு ஒரு நல்லது செய்த களை முகத்தில் இருந்தது.

"ஒனக்குன்னு தனியாப் பேர் போட்டுட்டேன் அனீஸா. அவனுக்கும் தனி. அவன் பாக்குறது ஒனக்கு வராது, நீ பாக்குறது அவனுக்குப் போவாது. இனிமே ஒன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"சரி மச்சான்" என்றாள்.

டிவியைப் போட்டபோது யார் பார்ப்பது என்று கேட்டது. மூன்று பேர்கள் இருந்தன. அவள் தன் பேரை அழுத்தினாள். உள்ளே ஒன்றுமில்லை, பாதியில் விட்டது என்று ஒரு படமும் இல்லை. தொடரைத் தேடி எடுத்து முதல் பாகத்திலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினாள். தேதியைத் தப்பாகப் பார்த்துப் போகும் பாகம் வந்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் காலி மண்டபத்தில் ஏறி நின்று வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அஸர் தொழப் போனாள்.

மறுநாள் காலையில் சுபுஹு தொழுத கையோடு வந்து டிவியைப் போட்டுப் பார்த்தாள். நிறுத்திய இடத்திலேயே இருந்தது.