கன்னத்தைக் கிள்ளும் முன் ஒரு வார்த்தை

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. சில வருடங்களுக்கு முன், குழந்தைகளுக்கு உடல் பாதுகாப்பைச் சொல்லித் தருவது எப்படி என்ற பயிற்சிக்கு எங்கள் தலைமையாசிரியர் போய்வந்தார். திரும்பி வந்தவரின் முகம் காய்ச்சல்காரரின் முகம் மாதிரி இருந்தது.

"டீச்சர், அந்த எடத்துக்கெல்லாம் பேரு சொல்லியே சொல்லித் தரோணுமாம்."

"எந்த இடம் சார்?"

"அதானுங்க... இந்த..." என்று சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது.

அவர் சமூக அறிவியல்காரர். எந்த நாட்டைக் கேட்டாலும் தலைநகரத்தை மூச்சுவிடாமல் சொல்வார். மனித உடம்பில் மட்டும் கழுத்துக்குக் கீழே அவருக்கு வரைபடமே கிடையாது. ஆக, வகுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கும் கூச்சம்தான். வீட்டில் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். என் கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். மழைக்காலம் என்பதால் ஊரில் இருந்தார். "வேண்டாம்! தொடாதே! நான் போய்ச் சொல்லிடுவேன்!" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

"நான் ஒன்னுமே பண்ணலியே," என்றார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

வகுப்பில் உறுப்புகளின் பெயர்களைச் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் தடவை சொன்னபோது சிரிப்பு குறைந்தது. அதற்கப்புறம் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். யாருக்கும் நம்மைக் கேட்காமல் தொட உரிமை இல்லை, சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி. 'யாருகிட்டயும் சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பேசினோம். பிறகு "வேண்டாம்! தொடாதே! நான் போய்ச் சொல்லிடுவேன்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்திப் பழகினோம்.

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். ஒருவர் கையில் இரும்புக் கம்பி.

"ஏனுங்க சார், புள்ளைங்க ஏன் இப்புடிக் கத்துது?"

"பாடம் நடக்குதுங்க," என்றார் தலைமையாசிரியர்.

"என்ன பாடமுங்க?"

அவர் யோசித்தார். "பொது அறிவுங்க."

அடுத்த வாரம் ஒரு தாய்மாமன் கோபமாக வந்தார். என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் மாமா. சந்தைக்குப் போய்விட்டு வந்தவர் வழக்கம்போல அவள் கன்னத்தைக் கிள்ளப் போயிருக்கிறார். அவள், தெருவே திரும்பிப் பார்க்க, அந்த வசனத்தை முழுசாகச் சொல்லிவிட்டாள். கையில் மிக்சர் பொட்டலத்தோடு அவர் நின்ற நிலையைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

"டீச்சருங்க, எங்கக்கா புள்ளைங்க அது. சீர் செய்யறவன் நானு. கன்னத்தக் கிள்ள எனக்கு உரிமை இல்லீங்களா?"

சிறுமியைக் கூப்பிட்டேன். "மாமன் கிள்ளுனா வலிக்குதா சாமி?"

"வலிக்குது டீச்சர். வேண்டாம்னாலும் கிள்ளறாங்க."

"அப்ப நீ சொன்னது சரிதான்," என்றேன், அவருக்கும் கேட்கும்படி. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சேரி, இனிமே கேட்டுட்டுக் கிள்ளறேன்," என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "கேளுங்க. ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்," என்றாள். தலைமையாசிரியர் சிரிப்பை அடக்க இருமினார்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவள் வகுப்பிலேயே நின்றாள்.

"டீச்சர், மாமன் மேல கோவம் இல்லீங்க. வேற ஒருத்தர் இருக்காங்க. டியூசன் ஊட்டுல."

அவள் டியூசனுக்குப் போகும் வீட்டில் இருந்த ஒரு ஆள். சாக்லேட் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறான். அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். துருவிக் கேட்கவில்லை. "உன்மேல ஒரு தப்பும் இல்ல. சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னேன்.

"மாமனையே நீங்க அடக்கிட்டீங்க. அதான் உங்ககிட்டச் சொன்னேன்," என்றாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். தாயையும் மாமனையும் வரவழைத்தோம். தாய் அழுதார். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க?" மாமன் எழுந்தார், அந்த ஆளை அடிக்க. மேசை மேல் வைத்திருந்த வண்டிச் சாவியைக் காணோம். தலைமையாசிரியர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"சாவியக் குடுங்க சார்!"

"நீங்க அடிச்சா உங்களத்தான் புடிப்பாங்க. அவன் கைகட்டி நின்னு வேடிக்கை பாப்பான். உக்காருங்க."

பிறகு குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவரே போன் செய்தார். சன்னல் பக்கம் கை காட்டவில்லை. தொண்டையைச் செருமவில்லை. எங்கே, என்ன, யார் என்று ஒவ்வொரு சொல்லையும் அதன் பெயராலேயே சொன்னார். வைத்தபின் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாயிடம், "தெரிஞ்சா அவனுக்குத்தாம்மா வெக்கம். நம்ம புள்ளைக்கு என்ன?" என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார், சீருடை இல்லாமல். சிறுமியின் வீட்டிலேயே, தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அந்த ஆளைக் கைது செய்தார்கள். வழக்கு மெதுவாகத்தான் நடந்தது. சமாதானம் பேச வந்த ஊர்ப் பெரியவர்கள் சிலரை மாமன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். இடையில் அவள் சில வாரம் யாரோடும் பேசவில்லை. வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வந்தார். ஒருநாள் முட்டை சின்னதாக இருக்கிறது என்று சத்துணவுக் கூடத்தில் அவள் சண்டை போட்டாள். அதைக் கேட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதன்பின் பள்ளியில் சில மாற்றங்கள். சாமான் அறைக்கு எந்தப் பிள்ளையையும் தனியாக அனுப்புவதில்லை. ஆசிரியர்களுக்கும் அந்த வகுப்பு உண்டு. அதைத் தலைமையாசிரியரே எடுக்கிறார். எல்லா அறைக் கதவுகளிலும் பலகையை அறுத்துக் கண்ணாடி பொருத்தச் சொன்னார். "உள்ள யார் இருந்தாலும் வெளிய தெரியோணும். என் ரூமும்தான்," என்றார்.

கண்ணாடி வந்த வாரம், மத்தியானம் வராந்தாவில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தேன். அவர் மேசையில் தலைவைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி என் வகுப்பு முழுவதும் நின்றது. எல்லோருக்கும் முன்னால் அவள், அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு.

விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.