மானேஜர் அஃறிணை ஆன கதை

லூனாஸ் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலையில் பொருளின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஜப்பானிலிருந்து பெரிய முதலாளி வரப்போகிறார் என்று தெரிந்ததும், எங்கள் மானேஜர் கேண்டீனிலேயே ஜப்பானிய வகுப்பைத் திறந்துவைத்தார். பேனர் முன்னால் நின்று படம் எடுத்த கையோடு போய்விட்டார். அதன்பிறகு வாராவாரம் வருகைத் தாளில் அவருடைய கையெழுத்து மட்டும் தவறாமல் வந்தது.

பாடம் நடத்த வந்தவர் கூலிமைச் சேர்ந்த மலாய்க்காரப் பெண். ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்று முதல் நாளே சொன்னார். ஆங்கிலத்தில் பிளந்துகட்டும் இஞ்சினியர்கள் தலையைச் சொறிந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பேக்கிங் அக்கா அலட்டிக்கொள்ளவில்லை.

"இதுல என்ன லா கஷ்டம்? 'நான் சோறு தின்னேன்.' நாமளும் அப்படித்தான பேசுறோம்?"

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இஞ்சினியர்களுக்கே பாடம் எடுத்தோம்.

மூன்றாம் வாரம் 'இருக்கிறது' வந்தது. ஆள், நாய், பூனைக்கு 'இமாஸ்'. மேசை, நாற்காலிக்கு 'அரிமாஸ்'. மலாயில் எல்லாவற்றுக்கும் ஒரே 'அடா'தான். பஸ்ஸும் அடா, பாஸும் அடா. நமக்குத்தான் உயர்திணை, அஃறிணை எல்லாம் தெரியுமே என்று நான் குறிப்புகூட எடுக்கவில்லை.

பெரிய முதலாளி வந்த அன்று மானேஜரை எங்கள் பிரிவுப் பக்கம் காணோம். முதலாளி நேராக என் மேசைக்கு வந்து, மானேஜர் எங்கே என்று ஜப்பானியத்தில் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில், "மானேஜர் வா ஆபீஸ் நி அரிமாஸ்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய அலமாரி மாதிரி, மானேஜர் ஆபீஸில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் மானேஜரே மூச்சு வாங்க ஓடிவந்தார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்து, "அரிமாஸ்கா?", அதாவது 'கிடக்கிறதா?' என்று கேட்டார். மானேஜர் இடுப்பு வரை குனிந்து, "ஹை! ஹை! அரிமாஸ்!" என்று ஆமோதித்தார்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மானேஜரும் சிரித்தார். நான் மட்டும் குனிந்து கையில் இருந்த பொருளைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"அப்படி என்னம்மா சொன்ன? அவருக்கு ஒரே சந்தோஷம்."

"நீங்க ஆபீஸ்ல இருக்கீங்கன்னுதான் சொன்னேன், சார்."

"குட், குட்" என்றார். நான் எதையும் திருத்தவில்லை.

அடுத்த வாரம் எங்களுக்கு 'ஜப்பானியம் பேசுவார்' என்று போட்ட பேட்ஜ் கொடுத்தார்கள். மானேஜருடையது எல்லோருடையதையும்விடப் பெரிது. நான் குத்திக்கொண்ட முதல் நாளே ஒருத்தி பேட்ஜை உற்றுப்பார்த்துவிட்டு, விவரம் சொல்லும் ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, என்னிடம் வந்தாள். புதிதாகச் சேர்ந்த நேப்பாளப் பெண். கழிவறை எங்கே என்று தட்டுத்தடுமாறி மலாயில் கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன்.