சம்பந்தியம்மா கேட்ட சீர்

டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் இன்னும் வரலை, வாசல்ல வந்து நிக்குது" என்றார். வாசலுக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் தென்காசியில் யாருக்கும் கிடையாது.

மாத்திரை வேண்டாம், சீனியை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, தினமும் நடந்தால் வந்த வழியே போய்விடும் என்றார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் ஆலங்குளத்திலிருந்து என் மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்துப்போய், அவர்கள் வீட்டார் பெண் பார்க்க வருவது மட்டும்தான் பாக்கி.

"வெளிய மூச்சு விட்டுராதிய" என்றாள் என் மனைவி. "சுகர்க் குடும்பம், நாளைக்குப் பிள்ளைக்கும் வரும்னு சொல்லிருவாவ. நிச்சயம் முடியட்டும்."

ஆகவே என் வைத்தியம் திருட்டு வைத்தியம் ஆயிற்று. மாலையில் பெரிய கோவிலைச் சுற்றி ரத வீதிகளில் நடந்தேன். எங்கள் ஊரில் கையில் பை இல்லாமல் நடப்பவன் சந்தேகத்துக்கு உரியவன்.

"எங்க போறிய அண்ணாச்சி?"

"சும்மாதான்."

"சும்மாவா? வீட்டுல எதும் பிரச்சினையா?"

வீட்டில் பிரச்சினை இல்லை என்று காட்ட, கேட்டவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் காப்பி வரும். சீனி வேண்டாம் என்றால் விடிவதற்குள் ஆலங்குளம் வரைக்கும் தெரிந்துவிடும். குடித்தேன். அடுத்த தெருவிலும் குடித்தேன். நடக்காமல் வீட்டில் படுத்துக் கிடந்திருந்தால் உடம்புக்கு நல்லதாக இருந்திருக்கும்.

சரி, யாருக்கும் என்னைத் தெரியாத இடத்தில் நடப்போம் என்று பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். நல்ல சாரல். ஐந்தருவிப் பாதையில் கையை வீசி நடந்துகொண்டிருந்தபோது, "ஏ, நம்ம அண்ணாச்சில்லா!" என்று ஒரு குரல். ஜாதகம் வாங்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்த, மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன், தலை நிறைய எண்ணெயோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். சம்பந்தி ஆகப்போகிறவரைத் தனியாக விடுவது மரியாதை இல்லை என்று என்னையும் இழுத்துப்போய் அருவிக்குள் தள்ளினார். அருவியில் குளித்து வந்தவனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். அவர் சூடான அல்வாவை வாங்கி நீட்டினார்.

"வேண்டாம்னு சொல்லப்பிடாது."

சொல்லவில்லை. இரண்டாவது முறை நீட்டியபோதும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் ரகசியம் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் விரலில் குத்தி சுகர் மீட்டரைப் பார்த்தாள். எண்ணைச் சொல்லாமல், "அப்பா, எனக்காகவா இப்படித் திங்கிய?" என்றாள்.

"பாதி ஒனக்காக" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா சில வருஷங்களுக்கு முன்பே தவறிவிட்டார்; அந்த வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். கேசரியும் பஜ்ஜியும் சுற்றி வந்தன. நான் கேசரிக்குக் கை நீட்டிய நேரம் மகள் காப்பியோடு வந்தாள்.

"கேசரியை எடுக்காதிய அப்பா. இந்தாங்க, சீனி போடாதது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "அப்பாக்கு சுகர் ஆரம்பிக்கப் போவுதுன்னு டாக்டர் சொல்லிருக்காவ, அத்தை. ஒங்ககிட்ட மறைக்கதுக்காக எல்லாத்தையும் தின்னுட்டு இருக்காவ" என்றாள்.

என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். தாய்மாமன் குற்றாலத்து அல்வாவை மனசுக்குள் எடை போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. போச்சு, என்னால் என் பிள்ளையின் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

"ரிப்போர்ட் இருக்கா?" என்றார் அந்த அம்மாள்.

கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஜாதகத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

"எங்க வீட்டுல அவிய சுகரை என்கிட்டயே மறைச்சாவ" என்றார். "அவிய போன பொறவு ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ள ஜாங்கிரிப் பொட்டலம் இருந்துது."

பிறகு ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "சீர் செனத்தி ஒண்ணும் எனக்கு வேண்டாம். கல்யாணத்துக்குள்ள அண்ணாச்சி இதைக் குறைச்சுக் காட்டணும். மறைக்காமச் சொல்லுத பிள்ளைதான் எனக்கு மருமகளா வேணும்."

அதற்குப் பிறகு ரத வீதியில் தலை நிமிர்ந்து நடந்தேன். எங்கே போறிய என்று கேட்டால் சுகருக்கு நடக்கிறேன் என்றேன். கொஞ்ச நாளில் என்னோடு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களெல்லாம் சும்மாதான் நடப்பதாகச் சொன்னார்கள். சம்பந்தியம்மா காலையில் போன் செய்வார். கல்யாண வேலையைப் பற்றி அப்புறம், முதலில் வெறும் வயிற்று சுகர் எவ்வளவு என்பதுதான். பள்ளிக்கூடத்தில்கூட நான் யாருக்கும் அப்படிப் பயந்ததில்லை. கேட்ட சீரைக் கல்யாணத்துக்கு முன்பே செய்து முடித்தேன்.

கல்யாணப் பந்தியில் பாயச வாளி என் பக்கம் வந்தது. எண்தான் இறங்கிவிட்டதே, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று இலையில் இடம் ஒதுக்கி வைத்தேன். எங்கேயோ நின்ற சம்பந்தியம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏ தம்பி, அந்த இலைக்குப் பாயசம் வேண்டாம். அவிய எங்களுக்கு ரொம்ப நாள் வேணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாயசத்துக்காக இல்லை என்று பக்கத்து இலையில் இருந்த மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.