முட்டி போட வைத்த பள்ளியில் சமாதான வகுப்பு

சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடந்த ஜூலையில் அதற்காக இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனேன். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்கு மதுரையில் ராஜபாளையம் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து வத்திராயிருப்பு போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வ. புதுப்பட்டிக்கு முன்பே இறங்கினால் ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளை நினைத்து ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

முதல் நாள் ஏழாம் வகுப்பு. என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும். இந்த மூன்றையும் ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. அவ்வளவுதான் பாடம். மதியத்துக்குள் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

மறுநாள் பத்தே முக்கால் இடைவேளை. வளையப்பந்து விளையாடும்போது அதே வகுப்பின் கனகாவும் முத்துலட்சுமியும் வளையத்துக்காக இழுத்துக்கொண்டதில் கனகாவின் சட்டைக் கை கிழிந்தது. நான் போகலாமா என்று யோசிப்பதற்குள் இருவரும் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பேச, ஒருத்தி கேட்டாள். முத்துலட்சுமி அன்று சாயங்காலமே சட்டையைத் தைத்துத் தருவதாகவும், வளையம் நாள்விட்டு நாள் ஆளுக்கொருத்தியிடம் இருப்பதாகவும் முடிவாயிற்று. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது விளையாட்டு ஆசிரியர் வந்தார். கிழிந்த சட்டையைப் பார்த்தார், இருவரையும் வெயிலில் முட்டி போடச் சொன்னார். பேசி முடித்துவிட்டோம் என்றாள் கனகா. எதிர்த்துப் பேசுகிறாயா என்று அவள் தலையில் குட்டினார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பத்து நிமிடம். விருந்தாளி தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகுதான் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். சொன்னதை அமைதியாகக் கேட்டார், பிள்ளைகளை எழுப்ப ஆள் அனுப்பினார். மதிய வகுப்பில் ஆசிரியர்களும் உட்கார வேண்டும் என்றேன். "பிள்ளைகளுக்குத்தானே மேடம் வகுப்பு? எங்களுக்கு எதுக்கு?" என்றார். நிகழ்ச்சிக்கு போட்டோ வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார். ஆசிரியர்கள் உட்காராவிட்டால் மதிய வகுப்பும் இல்லை, போட்டோவும் இல்லை என்றேன்.

போட்டோவுக்காகவே நான்கு ஆசிரியர்கள் வந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் உட்காரவில்லை, வாசலில் சாய்ந்து நின்றார். யாராவது பேசுகிறீர்களா என்று நான் பிள்ளைகளைக் கேட்டதும் கனகா எழுந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"நாங்க பேசி முடிச்சிட்டோம் சார். நீங்க ஒண்ணுமே கேக்காம முட்டி போட வச்சிட்டிய. எனக்கு வெக்கமா இருந்துச்சு. இனிமே என்ன நடந்துச்சின்னு கேட்டுட்டு அடிங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே போய்விட்டார். அடிக்கவே கூடாது என்று கேட்கலாம் என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. அப்படி வளர்த்திருக்கிறோம்.

ராஜபாளையத்தில் அறை எடுத்திருந்ததால் ஆட்டோவில் திரும்பினேன். டிரைவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ராஜபாளையம் நெருங்கும்போது அவர் சொன்னார்: "எம்பிள்ளையும் அங்கதான்க்கா படிக்கா. ரெண்டு போடுங்க சார்னு நானேதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

போகிறவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்குங்கள். ராஜபாளையத்திலிருந்து வந்தால் காலையில் பதினோரு கிலோமீட்டர் கூடுதல். குடை அவசியம். ஆசிரியர்களும் முழுநேரம் உட்காருவார்கள் என்று முன்பே எழுதி வாங்குங்கள். வாங்காமல் போனால், பேசச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை அடி வாங்கக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

நடந்ததைக் கல்வி அலுவலகத்துக்கான அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்தியை எடுத்தால் அடுத்த முறையும் அனுமதி கிடைக்கும் என்று அங்கிருந்து போனில் நயமாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை. அனுமதி இன்னும் வரவில்லை.