பதினொன்றாவது நிமிடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேதியியல் படித்தவன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். மனைவி சாரதா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. செங்கம் ரோட்டு வாடகை அறையில் பேச ஆளில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்துக்கே போய்விடுவேன். அப்போதுதான், எண்ணெயை ஆவியாக்கி வாயுவோடு ஓட்டி அதிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்துக்குப் புதுக் குழாய் ஒன்று வந்திருந்தது. உள்ளே திரவப் படிக சிலிகோன் பாலிமர் பூசிய கண்ணாடிச் சுருள். சூட்டில் அந்தப் பூச்சு இளகினாலும் அதன் மூலக்கூறுகள் வரிசை கலையாமல் நிற்கும். எடையில் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களைக்கூட வடிவம் பார்த்துப் பிரித்துவிடும். ஒல்லியானது தங்கித் தங்கி வரும், குண்டானது முந்திக்கொண்டு வெளியேறும். வருவதையெல்லாம் ஒரு பேனா காகிதத்தில் மேடு மேடாக வரையும்.

அன்று மதியம், குழாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, மாதிரி எதுவும் செலுத்தாமல் வெறும் வாயுவை ஓட்டினேன். பதினொன்றாவது நிமிடம் பேனா எழுந்தது. பழைய கசடு என்று நினைத்து, சூட்டைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். சூடு கூடினால் எதுவானாலும் சீக்கிரம் வந்துவிட வேண்டும். வரவில்லை, அதே பதினொன்று. குறைத்துப் பார்த்தேன், அப்போதும் பதினொன்று.

வாயு வெளியேறும் முனையில் மூக்கை வைத்தேன். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். சாரதாவின் தலை வாசனை. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த பதினொன்றுக்கும் அதற்கடுத்ததற்கும் காத்திருந்தேன். "சாப்டியா?" என்றுகூடக் கேட்டேன்.

சாயங்காலம், வெட்டிவேர் எண்ணெயின் சோதனை முடிவை வாங்க கபீர் பாய் வந்தார். அத்தர் வியாபாரி, ஒரு மாதமாகத்தான் பழக்கம். சாரதா இறந்தது அவருக்குத் தெரியாது.

"இன்னா சார், வீட்டம்மாவ வெளிய நிக்க வச்சிட்டு நீங்க பாட்டுக்கு உள்ள குந்திக்கினு இருக்கீங்க?"

"யாரு பாய்?"

"வாசல்ல நின்னாங்களே. உங்கள கேட்டேன், உள்ள இருக்காருனு கைய காட்டினாங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் ஒருவருமில்லை. திரும்பி வந்தபோது பேனா நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது. அதன்பிறகு எத்தனையோ ஞாயிறு ஓட்டிப் பார்த்தேன், அது எழவே இல்லை.

யாரோ வழியில் போன பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கிளம்பும்போது பாய் சொன்னது இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.

"கையில ஊசி ஏத்துன பிளாஸ்திரிய அப்டியே உட்டுட்டாங்க சார். எடுக்கச் சொல்லுங்க, புண்ணாயிடும்."

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்று, அதை உரிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியேதான் எரித்தோம்.