வெள்ளைத்தாய் கல்லில் இறங்கிய கட்டு

என் அண்ணன் கருத்தப்பாண்டிக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் சந்தனம்மாள். எனக்கு மதினி. மூத்த மதினி வெள்ளைத்தாய் பிள்ளை வயிற்றோடு செத்துப்போனாள். மூன்று நாள் வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது, வரவே இல்லை. அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறர் தலைச்சுமை அதில் இறங்க இறங்க அவள் பாரம் குறையும் என்பார்கள். திருச்சுழி போகும் பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே, இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினோம். நின்றபடியே தலைச்சுமையைச் சரித்து வைக்கிற உயரம்.

அந்தக் கல்லில்தான் சந்தனம்மாள் அடுப்பெரிக்கக் கொண்டுபோகும் பருத்திமார்க் கட்டை தினமும் இறக்கி மூச்சு வாங்குவாள். "அக்கா, செத்த நேரம் பிடிச்சுக்க" என்று சொல்லித்தான் வைப்பாள். கூட வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"சக்களத்திகூட இம்புட்டு ஒட்டாடீ?"

"உசுரோட இருந்தா என் மயிரைப் பிடிச்சிருப்பா. இப்பக் கட்டைப் பிடிக்கிறா, போங்கடி."

அது உலக யுத்தம் நடந்த வருஷம். திருச்சுழிக்கு, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும் பஸ் வந்துபோகத் தொடங்கியிருந்தது. மதினிக்கு நிறைமாதம். ஒருநாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் பக்கவாட்டில் வைத்தாள். பிள்ளையின் தலை அங்கே முட்டியது. வெள்ளைத்தாய்க்கும் அதே இடத்தில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டவுனு ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா மதினி?"

"அங்க அறுத்துருவாகளாம்ல. செத்தா வீட்டுலயே சாகுறேன்."

என் ஆத்தாளும் விடவில்லை. "எட்டுப் பிள்ளையை இந்த வீட்டுலதான் பெத்தேன். எவ கத்தியைத் தேடிப் போனா?" என்றாள். எட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர் என்பதை ஆத்தா சொல்ல மாட்டாள்.

ஊர்க்கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய நாடகம் வைத்தார்கள். பழைய காலத்து ராணி ஒருத்தியின் கதை. யானை, சேனை, ஏழு கட்டு அரண்மனை எல்லாம் உண்டு. ராணிக்கு மூன்று நாள் வலி. ராஜா பொன்னைக் கொட்டிப் புலம்புகிறார். ராணியாக ஸ்திரீபார்ட் கட்டிய ஆம்பளைக்குத் தொண்டைமுடிச்சு துள்ளியது, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. "இத்தனை பெரிய சீமையில் என் பிள்ளையைத் திருப்பி எடுக்க ஒரு கை இல்லையா மகாராஜா?" என்று அவன் கேட்டான்.

ராணி செத்தாள். அட்டையில் செய்த சுமைதாங்கியை மேடையில் நிறுத்தினார்கள். கிழக்கு வெளுத்துவிட்டது. கல்லுக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் கேட்டது: "இறக்கி வை... இறக்கி வை..." மூன்றாம் முறை அது கேட்டபோது, ஸ்திரீபார்ட் ஆள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அது வெள்ளைத்தாய் குரல். வேறு எவனாவது கத்தியிருப்பான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் குரலோடு ஒரே சட்டியில் சோறு தின்றவள் நான்.

வீட்டுக்கு நடக்கும்போது மதினி சொன்னாள்: "ராணிக்கே கிடைக்கலையேடி. அம்புட்டுப் பொன்னு இருந்தும் ஒரு கை கிடைக்கல. எனக்கு நடந்து போற தூரத்துல பஸ்ஸு நிக்குது." பிறகு, "ஆனாலும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் உச்சிவேளை. நிழல் காலடிக்குள் ஒடுங்கிய நேரம். மதினி கல்லில் கட்டை இறக்கினாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப எடுக்கப் போனாள். வரவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். காய்ந்த பருத்திமார், என்ன பெரிய கனம்? கல்லோடு கல்லாகக் கிடந்தது. காற்றில்லை, காக்கை இல்லை. மதினி பலகைக்கல்லில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தாள்.

"சில்லுன்னு இருக்குடி."

அந்த வெயிலில்! நான் தொடவில்லை.

"குடுக்க மாட்டேங்கிறா," என்றாள் மெதுவாக. "வீட்டுக்குப் போகாதங்கிறா." சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் நின்றது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, "வீட்டிலேயே இருந்திருந்தால்..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வலி கண்டது. மயக்கம் கொடுத்து, உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தார்கள். பெண்பிள்ளை. கத்தி தொடவே இல்லை. வெறும் கைதான்.

ஊரில் ஆத்தா, ஆளில்லாமல் கல் மேல் கிடந்த கட்டைப் பார்த்து, "இவளையும் கொண்டுபோயிட்டாளே!" என்று புழுதியில் புரண்டாளாம். அண்ணன் டவுனுக்கு வந்து எங்களைப் பார்த்துப் போன பிறகுதான் அடங்கினாள். கட்டை எடுக்க மட்டும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் திரும்பினோம். ஆத்தா கல்லடியில் காத்திருந்தாள். கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. மதினி ஒரு கையால் தள்ளினாள். சருகு மாதிரிச் சரிந்தது. அந்த இடத்தில் பிள்ளையைக் கிடத்தினாள்.

"அடியேய், தூக்குடி! செத்தவ கல்லுல பச்சப்பிள்ளையப் போடுவாளா?" என்று ஆத்தா அலறினாள்.

மதினி காதில் வாங்கவில்லை. "பாத்துக்க அக்கா. ஒன் காலத்துல பஸ்ஸு வரல. அந்தக் கை எங்க இருக்குன்னும் யாருக்கும் தெரியல. எனக்கு வந்துருச்சு."

பஸ்ஸிலிருந்து அழுதுகொண்டே வந்த பிள்ளை அழுகையை நிறுத்தியது. யாரும் நிற்காத பக்கம் முகத்தைத் திருப்பி, பாலுக்குத் தேடுவதுபோல் வாயைத் திறந்தது. ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மதினி கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

"போதும். குடு அக்கா."

பிள்ளை லேசாகத்தான் வந்தது.